பால் குடித்த காளான்

நான் கடவுளை உண்டாக்கியது ஒரு சனிக்கிழமை காலை, ஒன்பதரை மணியளவில். அதற்குத் தேவைப்பட்டது ஒரு சிட்டிகை திருநீறும் கைப்பையில் கிடந்த ஒட்டுப்பொட்டு ஒன்றும்தான்.

ஆல்பனியைத் தாண்டி, மார்கரெட் என்ற எண்பது வயது வெள்ளைக்காரிக்குச் சொந்தமாக ஒரு சிறு காடு இருக்கிறது. அங்கே விழுந்து கிடக்கும் மரங்களில் பலகைபோலக் கெட்டியான காளான் தட்டுத்தட்டாக முளைக்கும். சீன மருந்துக்கடைக்காரர்கள் அதற்கு உயிரை விடுவார்கள். மூன்று வருடமாக அதை வெட்டிக் காயவைத்து விற்கிறேன். வாரநாட்களில் த்ரீ கிங்ஸில் ஒரு கடையில் கல்லாவில் நின்று, “பை வேணுமா” என்று கேட்டே வாய் தேய்ந்த இந்த யோகராணிக்கு மூச்சுவிட இருக்கும் ஒரே இடம் அந்தக் காடு.

மார்கரெட் கறாரானவள். உள்ளங்கையைவிடச் சிறியதைத் தொடக்கூடாது, மூன்றில் ஒன்றை மரத்திலேயே விட வேண்டும் என்பாள். இந்த நாட்டுக்கே உரிய கவுரி மரங்களைக் கொல்லும் வேர்நோய் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும் என்பதால், வாசலிலேயே சப்பாத்தைத் தேய்த்துக் கழுவி மருந்தடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடைக்கரையில் இருக்கும் பெரிய காளானில் கத்தியே படக்கூடாது. பட்டால் அன்றோடு என் கணக்கு முடிந்தது.

சுளகளவு அகலம் அது. கோடையில் அதன் அடியிலிருந்து மண்ணிறப் பொடி கொட்டி, கீழே இருக்கும் செடியெல்லாம் கோகோ தூவியதுபோல் ஆகிவிடும். அந்தப் பொடிதான் விதை. மற்ற மரங்களில் முளைப்பதெல்லாம் அதன் பிள்ளைகள் என்றுதான் நானும் மார்கரெட்டும் நம்பினோம்.

இதற்குள் பார்த்தீபனைக் கூட்டிவந்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தங்கையின் கணவன்; மனுரேவாவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். சுமக்க ஆள் வேண்டுமென்று அழைத்தேன். வந்த முதல் நாளே பெரியதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“அக்கா, இது ஒண்டை வெட்டினா காணும். மிச்சமெல்லாம் ஏன் பொறுக்கிக்கொண்டு திரியிறியள்?”

“அது தாய்க்காளான். அதை வெட்டினா அடுத்த வருசம் நீரும் நானும் விரல் சூப்பிக்கொண்டு நிக்கவேண்டியதுதான்.”

“அடுத்த வருசத்தை ஆர் கண்டது?”

அன்றே அவன் கத்தி தீட்டுவதைப் பார்த்தேன். மறுவாரம் அவனுக்கு அரைமணி முன்னதாகவே போனேன். காளானின் நடுவில் தும்பிக்கைபோல் கீழ்நோக்கி வளைந்த முண்டு ஒன்று இருக்கும். அதற்கு மேலே திருநீற்றால் மூன்று குறி இழுத்து, பொட்டையும் ஒட்டினேன். பார்த்தீபன் வந்தான், பார்த்தான், கத்தியைக் கீழே போட்டான். நெற்றியில் குட்டிக்கொண்டு, சேற்றில் நின்றபடி பன்னிரண்டு தோப்புக்கரணம் போட்டான். நான் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவன் படமெடுத்து வாட்ஸப்பில் போட்டுவிட்டான்.

அடுத்த ஞாயிறு எட்டுக் கார்கள் வந்தன. எங்கள் சனத்துக்குக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றத்தான் தெரியும், கழுவத் தெரியாது. முப்பது சோடி வெறுங்கால்கள் சேற்றை அப்பிக்கொண்டு உள்ளே போயின. கற்பூரம் கொளுத்தினார்கள். வாழைப்பழத்தில் ஊதுபத்தி குத்தினார்கள். பிறகு பால். இருபது லீட்டராவது இருக்கும், எல்லாம் முழு ஆடைப்பால். காளானின் ஒவ்வொரு துளையும் குடித்தது.

மார்கரெட் ஊன்றுகோலோடு வந்து பார்த்தாள். சத்தம் போடவில்லை. ஒரு வாரத்துக்குள் இதையெல்லாம் நிறுத்தாவிட்டால் நீயும் வரவேண்டாம் என்றாள். அவள் என்னை நம்பியவள். அதுதான் சுட்டது.

அன்றே பார்த்தீபனிடம் உண்மையைச் சொன்னேன். “பொட்டு வைச்சது நான்தான். உம்மட கத்திக்குப் பயந்து வைச்சனான்.”

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். “நீங்க எங்கயக்கா வைச்சனீங்க? அவர்தான் உங்கட கையைப் பிடிச்சு வைப்பிச்சவர்.”

இதற்கு மேல் மனுசியாக நான் என்ன செய்ய? கோயில் ஐயரிடம் ஓடினேன். கோயிலைத் திருத்தும்போது சாமியைக் கும்பத்துக்கு மாற்றி வைப்பார்களே, அதை இதற்கும் செய்யச் சொன்னேன். ஐயர் மறுபேச்சில்லாமல் வந்து, சப்பாத்தைக் கழுவி, மருந்தடித்து உள்ளே போன முதல் தமிழன் என்ற பெருமையைத் தட்டிக்கொண்டார். மந்திரம் சொல்லிப் பிள்ளையாரைச் செம்புக்குள் இறக்கினார். ஆர் வீட்டில் வைப்பது என்று கேட்டதும் பார்த்தீபன் பாய்ந்து கைநீட்டினான்.

“சந்தோசம். வீட்டில மச்சம் மாமிசம் கூடாது” என்றார் ஐயர்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி இல்லாமல் பார்த்தீபன் வாழ்ந்ததை நான் கண்டதில்லை. ஆனாலும் செம்பை இறுக்கிக் கட்டிக்கொண்டான். அந்த ஒரு நிமிடம் அவன்மேல் எனக்குப் பாசமே வந்தது.

எல்லோரும் போனபின்தான் காளானைக் கிட்டப்போய்ப் பார்த்தேன். புளித்த தயிர் நாற்றம். ஒரு பக்கம் முழுக்கப் பச்சைப் பூஞ்சணம். பொடி நின்றுபோயிருந்தது. மார்கரெட்டைக் கூட்டிவந்து காட்டினேன். பூஞ்சணம் பிடித்த பக்கத்தை எடுத்தால் மிச்சம் பிழைக்கலாம் என்றாள். எடு என்றும் சொன்னாள்.

கத்தி படக்கூடாது என்று பொட்டு வைத்தவள் நான். அதன்மேல் பட்ட முதல் கத்தியும் என்னுடையதுதான். மூக்கால் ஒழுக ஒழுக அறுத்தேன்.

ஐந்து வாரம் பொறுத்துப் பார்த்தீபனோடு போனேன். வாசல் பலகையில் “நாய்கள் கூடாது” என்பதற்குக் கீழே மார்கரெட் மார்க்கரால் “பாலும் கூடாது” என்று எழுதியிருந்தாள். பார்த்தீபன் குனிந்து, அடிப்பள்ளம் ஒன்றும் விடாமல், சப்பாத்தைத் தேய்த்தான்.

காளானுக்குக் கீழே இருந்த ஒரு இலையில், சுண்டுவிரல் அகலத்துக்கு மண்ணிறப் பொடி விழுந்திருந்தது. நான் குந்தியிருந்து பார்த்தேன். பார்த்தீபன் விரலால் தொட்டு நெற்றிக்குக் கொண்டுபோனான்.

“பூசாதையும்,” என்றேன். “அது விதை.”

அவன் விரலைப் பார்த்தான். பக்கத்தில் விழுந்து கிடந்த கட்டையில் அதை மெல்லத் துடைத்துவிட்டான்.