ரேடியேட்டரில் உப்பு

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரக்காணத்தில் ஈ.சி.ஆர் ரோட்டோரமாக ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக் பிரபாகரனைப் பற்றிக் கேட்டால், வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் வாயைப் பற்றி நாலு வார்த்தையும் சொல்வார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்லிக்காட்டாமல் என் மனைவி ரேகா எனக்குக் காபி தருவதில்லை. சொல்லட்டும். வண்டியைக் கண்டபடி ஓட்டிக் கெடுத்துக் கொண்டுவந்து நிறுத்தி, "ஒண்ணுமே பண்ணலீங்க, தானா நின்னுடுச்சி" என்று சொல்கிறவனைக் கொஞ்சவா முடியும்?

கலியன் மாமாவும் அந்த 'தானா நின்னுடுச்சி'யைத்தான் சொன்னார்.

சொந்த மாமா இல்லை, ஊர் முறைக்கு மாமா. உப்பளத்தில் உப்பு வாருகிறவர். அவர் மனைவி லட்சுமியம்மாளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் விடிந்ததும் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய், மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வரவேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். அடுத்ததும் தவறினால் என்ன ஆகும் என்பதை டாக்டர் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். பஸ் படியில் அத்தையால் கால் வைக்க முடியாது, வாடகைக் கார் கட்டுப்படியாகாது. அதற்காகவே மாமா ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி, தலை நரைத்த பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டார்.

அந்தக் கார்தான் கொதித்தது.

முதல் தடவை கூனிமேட்டுக்கிட்ட நின்றது. ரேடியேட்டர் மூடியில் ரப்பர் போயிருந்தது. மாற்றினேன். அடுத்த தடவை ஃபேன் சுற்றவில்லை. அதையும் பார்த்தேன். அத்தை அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் பாவம் பார்த்து ஒரு படுக்கை கொடுத்தார்கள். அதற்கப்புறம் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ரேகாவின் பால் பாத்திரத்தில் வெந்நீர் வைத்துப் போட்டுப் பார்த்தேன். சூடு ஏறியதும் ஒழுங்காகத் திறந்தது. அந்தப் பாத்திரத்துக்காக ரேகா என்னைப் பேசிய பேச்சு தனிக்கதை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, அனுமந்தையைத் தாண்டுவதற்குள் கார் மறுபடியும் ஆவி விட்டுக்கொண்டு நின்றுவிட்டது. ஒரு மினி லாரிக்காரன் கயிறு கட்டி என் ஷெட்டுக்கு இழுத்துவந்து விட்டான். பின் சீட்டில் அத்தை உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டதில், நாளைக் காலை முதல் ஆளாக வந்தால் ஒரு மிஷின் காலி இருக்கும், அதை விட்டால் எங்களைக் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, அத்தையின் உயிர் மறுநாள் விடிகாலை இந்தக் கார் ஓடுவதில் இருந்தது.

பானெட்டைத் தூக்கினேன். மேல் ஹோஸில் கை வைக்க முடியவில்லை, அப்படி ஒரு சூடு. கீழ் ஹோஸைக் குழந்தையின் கையைப் பிடிப்பதுபோலப் பிடிக்க முடிந்தது. மேலே கொதிக்கிற தண்ணீர் கீழே இறங்கவில்லை. ரேடியேட்டருக்குள் அடைப்பு. ஆற விட்டு மூடியைத் திறந்தேன். துரு என்றால் செங்கல் நிறத்தில் இருக்கும். உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். நுனி நாக்கில் வைத்து உடனே துப்பினேன்.

உப்பு.

அதிலும், கடல் தண்ணீரோ உவர்த் தண்ணீரோ ஊற்றியிருந்தால் மெல்லிசாகப் பூத்திருக்கும். இது சின்னச் சின்னச் சதுரக் கல்லாக இருந்தது. உப்பு வாருவதற்கு முந்தின நாள் உப்பளப் பாத்தியில் முத்தி நிற்குமே, அந்தத் தண்ணீர். தெரியாமல் கைக்குக் கிடைத்ததை ஊற்றியது அல்ல. பாத்திக்குள் இறங்கி மொண்டு வந்து ஊற்றியிருக்கிறார்கள்.

வந்ததே எனக்குக் கோபம்!

"யோவ் மாமா! உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. ரேடியேட்டர்ல உப்பிட்டவர இன்னாய்யா பண்றது?"

அவர் கண்ணைக் கசக்கினார். "இன்னாப்பா சொல்ற?"

"பாத்தித் தண்ணிய ஊத்திட்டு இன்னா சொல்றன்னு கேக்கறியா? வாழ்நாள் பூரா உப்புல நிக்கற ஆளுதானே நீ? இரும்புக்கும் உப்புக்கும் ஆகுமா? பொண்டாட்டி உசுரு இந்த வண்டியில ஓடுதுய்யா!"

"சத்தியமா நல்ல தண்ணிதாம்பா ஊத்தினேன். டேங்கர்ல வர்ற குடிக்கிற தண்ணி. இவ மேல ஆணையா."

அவர் நிற்கும்போதே லேசாக ஆடினார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தது. காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாரோ என்று கிட்டப்போய் மோந்து பார்த்தேன். வாடை இல்லை.

"போ, போய் தெருக்கோடி பைப்புல ரெண்டு குடம் நல்ல தண்ணி புடிச்சிக்கினு வா" என்று துரத்தினேன். குடங்களைத் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி போனார்.

அவர் தெருவைத் தாண்டியதும் பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"பிரபாகரா, அவர திட்டாத. நான்தான் ஊத்தினேன்."

எனக்குச் சரியாகக் காதில் விழுந்ததா என்றே சந்தேகம். கதவைத் திறந்தேன்.

"நீயா அத்தை? உப்புத் தண்ணி சீக்கிரம் கொதிக்காதுன்னு எவனாவது சொன்னானா?"

"யாரும் சொல்லல." அவள் மூச்சை இழுத்து விட்டுப் பேசினாள். "கல்யாணமாகி வந்ததுல இருந்து உப்பு வாரினவ நான். கடப்பாரையையே உப்பு திங்கறத பாத்திருக்கேன். இத எவ்ளோ நாள்ல திங்கும்னு எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாள் சாயங்காலம், அவரு தள்ளி வேற பாத்தியில இருக்கறப்ப, ஒரு சொம்பு ஊத்துவேன். பாத்தி வூட்டுக்குப் பின்னாடிதானே. எனக்கு உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு. வண்டிக்கும் ஆகாதுன்னு டாக்டரா வந்து சொல்லணும்?"

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வேணும்னேவா கெடுத்த? எதுக்கு அத்தை?"

"அந்த மனுஷன் தூங்கி எவ்ளோ நாளாச்சி தெரியுமா உனக்கு? ராத்திரி பூரா எனக்கு மூச்சு வருதா வரலியான்னு பக்கத்துல குந்திக்கினு பாக்கறாரு. விடியறதுக்கு முன்னாடி பாத்திக்குப் போறாரு. ஆஸ்பத்திரி நாள்ல வண்டி. போன மாசம் காலாப்பட்டு தாண்டி, ஸ்டேரிங்க புடிச்சிக்கினே தூங்கிட்டாருப்பா. எதுத்தாப்ல லாரி. நான் கத்தலன்னா ரெண்டு பேரும் அங்கயே போயிருப்போம்."

சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்று அவளுக்கு அளவு. உதடு வெடித்திருந்தது.

"நான் போறவ. எனக்குன்னு எழுதினது எழுதினதுதான். அவரு எதுக்குக் கூட வரணும்? போவாதன்னா கேக்க மாட்டாரு. வண்டி நின்னுட்டா வூட்ல படுத்துத் தூங்குவாரு. அவ்ளோதான் நான் நெனச்சது."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. கையிலிருந்த ஸ்பேனரைத் தூக்கி மூலையில் எறிந்தேன். உள்ளே இருந்து ரேகா எட்டிப் பார்த்தாள். அவளும் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இதோ பாரு அத்தை" என்றேன். குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "நீ உப்பு ஊத்திக்கினே இரு. நான் கழுவிக்கினே இருக்கேன். யாருக்கு மொதல்ல சலிக்குதுன்னு பாக்கலாம். எனக்கு இதான் தொழிலு, நான் சாவற வரைக்கும் கழுவுவேன். நீ செத்துடலாம்னு பாக்கறியா? என் ஷெட்டுல ரிப்பேருக்கு வந்த வண்டியில இருந்துக்கினு அதெல்லாம் நடக்காது."

"கத்தாதப்பா. அவருக்குத் தெரிய வேணாம். தாங்க மாட்டாரு."

"இனிமே ஊத்த மாட்டேன்னு சொல்லு."

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ரேகா வந்து கார் கதவோரம் நின்றாள். "வெள்ளிக்கெழமைக்கு நான் ஓட்டறேன் அத்தை. செவ்வாய்க்கெழமைக்கு இவரு ஓட்டட்டும். எனக்கும் பாண்டில வேலை இருக்குது. மாமா பின்னாடி உக்காரட்டும்" என்றாள். அவளுக்குப் பாண்டிச்சேரியில் ஒரு வேலையும் கிடையாது.

"அவரு ஒத்துக்க மாட்டாரும்மா. இன்னொருத்தர் தூக்கம் எதுக்குக் கெடணும்னு சொல்லுவாரு."

"ஒத்துக்க வெக்கிறேன்" என்றேன்.

கலியன் மாமா திரும்பி வந்து இரண்டு குடத்தையும் இறக்கி வைத்தார். நான் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். அதற்கு எனக்குப் பயிற்சி தேவையில்லை.

"மாமா, டேங்கர் தண்ணியே உப்புதான் போலக்குது. அத விடு. ரேடியேட்டர் பூட்டகேசு, இனிமே தேறாது. கழட்டிப்போட்ட ரேடியேட்டர் ஒண்ணு நல்லதா கெடக்குது, மாட்டிடறேன். ஆனா இன்னியில இருந்து நீ இந்த வண்டிய ஓட்டக்கூடாது."

"ஏம்பா?"

"நீ ஓட்டற லட்சணத்துக்கு எந்த வண்டியும் கொதிக்கும்யா! எப்ப பாரு செகண்ட் கியர்லயே உறுமிக்கினு போறது. ஸ்டேரிங்க தொட்டேன்னு தெரிஞ்சிது, இந்த ஷெட்டுப் பக்கம் வராத. நானும் ரேகாவும் ஓட்டறோம். நீ பின்னாடி அத்தைய புடிச்சிக்கினு உக்காரு. அதுக்காவது லாயக்கா இருப்பியா?"

அவர் முகம் சுருங்கிப்போனது. கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட மனுஷன். அத்தையைப் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்போல இருந்தது எனக்கு. ஆனால் இவ்வளவு வருஷமாக ஊரில் சம்பாதித்த கெட்ட பெயர் அன்றைக்குத்தான் ஒரு காரியத்துக்கு உதவியது. பிரபாகரன் கத்தினால் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

"நான் சரியா ஓட்டலன்னா, சரிப்பா" என்றார் மாமா. "அவளுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது, அவ்ளோதான்."

பொழுது சாய்கிற வரைக்கும் வேலை. பழைய ரேடியேட்டரைக் கழற்றினபோது அடியிலிருந்து ஒரு கை உப்பு கொட்டியது. என்ஜினுக்குள் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டி, வடித்து, மறுபடி விட்டேன். வெளியே வருகிற தண்ணீர் நாக்குக்குச் சப்பென்று ஆகும்வரைக்கும் விடவில்லை. கடைசியில் என்ஜினைக் குளிர வைக்கும் பச்சைக் கூலன்ட் ஊற்றி மூடி, நானே ஓட்டிப்போய் அவர்களை வீட்டில் இறக்கி, காரை வாசலில் விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் இருட்டு விலகும்போது அவர்கள் வீட்டு வாசலில் காரை எடுக்கப் போனேன். முதல் வேலையாக பானெட்டைத் தூக்கி மூடியைத் திறந்து பார்த்தேன். பச்சைத் தண்ணீர் பச்சையாகவே இருந்தது. அத்தை வாசலில் மாமாவின் தோளைப் பிடித்தபடி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துட்டியா?" என்றாள்.

"பாத்துட்டேன்."

"வெள்ளிக்கெழமையும் பாப்பியா?"

"எல்லா வாட்டியும் பாப்பேன்."

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "வண்டிக்காரன் பாக்காம இருப்பானா?" என்று சொல்லி அவளை ஏற்றினார்.

உப்பளத்தைத் தாண்டி ஈ.சி.ஆரில் ஏறினேன். பாத்திகளில் அதற்குள் ஆட்கள் இறங்கியிருந்தார்கள். கொஞ்ச தூரம்வரைக்கும் மாமா பின்னாலிருந்து எனக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார். பிறந்ததிலிருந்து நான் போய்வருகிற ரோடு. பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி மாமா, சரி மாமா" என்றேன். கூனிமேடு வந்தது. என்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவில் நின்றது, அசையவில்லை. "இங்கதான் மொத வாட்டி நின்னுச்சி" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன். அத்தையின் வீங்கின தோள்மேல் தலை சாய்ந்திருந்தது, வாய் திறந்திருந்தது. குறட்டை, அப்படி ஒரு குறட்டை. என்ஜின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

காலாப்பட்டு தாண்டும்போது எதிரே லாரிகள் வரிசையாக வந்தன. அத்தை மாமாவின் தலையை ஒரு கையால் ஏந்திப் பிடித்திருந்தாள். அந்தக் கைதான் மிஷினுக்காக ஊசி குத்துகிற கை. வலிக்கும். எடுக்கவில்லை. முன்னால் ஸ்பீட் பிரேக்கர் தெரிந்ததும் இன்னொரு கையை நீட்டி என் தோளைத் தட்டினாள்.

"மெதுவா ஏத்துப்பா. முழிச்சிக்கப் போறாரு" என்றாள். "வரும்போதும் நீதானே ஓட்டுவ?"

"நான்தான் அத்தை."

"அப்ப சரி. போலாம்."