கடைசி ஃபாரம்

ஒன்பது வயதில் எனக்குப் பள்ளியில் ஒரு புத்தகம் பரிசு கிடைத்தது. பன்னிரண்டு அத்தியாயம். பதினொன்றை முடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன். அட்டைதான் இருந்தது.

கிழித்தவன் என் அண்ணன். அந்த வருடம் அவனுக்குப் பரிசு எதுவும் இல்லை.

கடைசியில் என்னதான் ஆச்சு என்று கெஞ்சிக் கேட்டேன், சண்டை போட்டுக் கேட்டேன். "மறந்துபோச்சு, குண்டூசி" என்பான். பழைய புத்தகக் கடை ஒன்று விடாமல் தேடியும் இன்னொரு பிரதி சிக்கவில்லை. என் கல்யாணப் பந்தியில் இதையே வேடிக்கையாகச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான். நானும் சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டும் சிரிக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கிழித்து முப்பது வருடம் கழித்து அவனே வந்து மாட்டினான்.

கண்ணில் அறுவை சிகிச்சை. மூன்று வாரம் எழுத்து, போன், டிவி எதையும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணி வேலை விஷயமாக வெளியூரில். ஆகவே கண்கட்டோடு அவனும், ஆறு வயது மகள் வாண்டுவும் என் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள்.

நான் அச்சகத்தில் பைண்டர். அச்சடித்த பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம். அதற்கு ஃபாரம் என்று பெயர். ஃபாரங்களை அடுக்கி, நூல் போட்டுத் தைத்து, அட்டை ஒட்டினால் புத்தகம். அப்போது ஒரு பள்ளிக்கூடம் தன் பிள்ளைகளுக்காக மட்டும் ஒரு கதையை முந்நூறு பிரதி அடிக்கச் சொல்லியிருந்தது. கடைக்கு வராத புத்தகம். அதிலும் பன்னிரண்டு அத்தியாயம். கடைசி அத்தியாயம் கச்சிதமாகக் கடைசி ஃபாரத்தில் உட்கார்ந்திருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. மிச்சத் தாள்களை எடுத்து வாண்டுவுக்கு ஒரு பிரதி தைத்தேன். கடைசி ஃபாரத்தை மட்டும் என் பையில் வைத்துக்கொண்டேன்.

வாண்டு அதுவரை படப் புத்தகம்தான் பார்த்தவள். முதல் நாள் சாயங்காலம் புரட்டிப் பார்த்துவிட்டு மூஞ்சியைச் சுளித்தாள்.

"அஞ்சே அஞ்சு படம்தான் இருக்கு, அத்தை. மீதியெல்லாம் எறும்பு."

முதல் அத்தியாயத்தின் பாதியில் சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை. மணிக்கூண்டின் பெரிய முள்ளை யாரோ திருடிவிட்ட இடம் வந்ததும் தலை மட்டும் வெளியே வந்தது. இரண்டாவது நாள் என் மடியில் இருந்தாள். ரொட்டிக்காரனுக்குக் கட்டைக்குரல், தபால்காரனுக்கு மூக்கால் பேச்சு என்று குரலை மாற்றி மாற்றி வாசித்தேன். ஒரு நாளைக்கு ஒரே அத்தியாயம். முடிந்ததும் புத்தகத்தை டப்பென்று மூடிவிடுவேன்.

மூன்றாவது நாள் பக்கத்து அறையிலிருந்து நாற்காலி இழுக்கும் சத்தம். ஐந்தாவது நாள் அந்த நாற்காலி எங்கள் பக்கத்திலேயே இருந்தது. திருடன் தபால்காரன்தான் என்று அண்ணன் சத்தியம் செய்தான். ரொட்டிக்காரன்தான் என்று வாண்டு மல்லுக்கு நின்றாள். மீன் தூண்டிலைக் கவ்விவிட்டது.

பதினோராவது நாள். கதையில் வரும் சிறுமி பரணில் ஏறி, இரும்புப் பெட்டியின் மூடியில் கை வைக்கிறாள். அதோடு அத்தியாயம் முடிந்தது. அண்ணன் நகர்வதாக இல்லை. இன்றைக்கு மட்டும் இன்னொன்று வாசி என்றான்.

"அவ்வளவுதான். பக்கம் இல்ல."

வாண்டு புரட்டிப் பார்த்தாள். "நிஜமாவே இல்லப்பா." அவள் உதடு பிதுங்கியது. அது என்னுடைய ஒன்பது வயது முகம். ஒரு விநாடி எனக்கே சுருக்கென்றது. நாளைக்கு அச்சகத்துக்கு வா என்று அவள் காதில் சொன்னேன்.

அண்ணன் புத்தகத்தை வாங்கி முதுகைத் தடவினான்.

"கிழிச்ச தடமே இல்லையேடி."

"கிழிக்கிறது உன் வேலை. நான் பைண்டர்."



மறுநாள் மதியம், மெஷின்கள் ஓய்ந்த நேரம். பேப்பர் கட்டின் மேல் வாண்டுவை உட்கார வைத்துப் பையிலிருந்த ஃபாரத்தை வாசித்தேன். திருடன் யார் என்று தெரிந்ததும் பேப்பர் கட்டின் மேலிருந்து சறுக்கி விழுந்து, தரையில் கிடந்தபடியே கைதட்டினாள். அப்பாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

"உன் இஷ்டம். ஆனா சொல்லிட்டா, இப்ப உனக்குப் படபடன்னு அடிச்சுதே, அது அவருக்கு அடிக்காது."

வாண்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலம் அண்ணன் மகளிடம் ஐஸ்கிரீம் பேரம் பேசித் தோற்றான். பிறகு என்னிடம் வந்தான். நான் பையைத் திறந்து ஃபாரத்தை அவன் காதருகே சரசரவென்று ஆட்டினேன்.

"என் பன்னிரண்டாவது அத்தியாயத்துல என்ன ஆச்சுன்னு சொல்லு. உன்னோடதை இப்பவே வாசிக்கிறேன்."

சத்தம் வந்த பக்கம் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

"நான் அதைப் படிக்கவே இல்லடி. கிழிச்ச கையோட படகு செஞ்சேன். அன்னிக்கு நல்ல மழை. வாசல்ல ஓடின தண்ணியில விட்டேன். எல்லாம் போயிடுச்சு."

அவனுக்குத் தெரியும், சொல்லத்தான் மறுக்கிறான் என்று முப்பது வருடம் நம்பியிருந்தேன். யாரோ ஒருவரிடமாவது அந்த முடிவு பத்திரமாக இருக்கிறது என்பதே எனக்கு ஒரு ஆறுதலாக இருந்திருக்கிறது. அதுவும் சாக்கடையோடு போய்விட்டது.

ஃபாரத்தைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

கண்கட்டு அவிழ்த்து அவர்கள் ஊருக்குப் போன அடுத்த வாரம் அவனுக்கு ஒரு பார்சல் அனுப்பினேன். உள்ளே ஒரு காகிதப் படகு. அன்றைக்கே போன் வந்தது.

"பிரிச்சுப் பார்த்தேன். மூடி பாதி திறக்கிற வரைக்கும்தான் இருக்கு. மீதி?"

"ஒரு ஃபாரத்துக்கு எட்டுத் தாள், அண்ணா. வருஷத்துக்கு ஒரு படகு வரும்."

பின்னால் வாண்டு விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. போனைப் பிடுங்கி, அடுத்த புத்தகம் எப்போது என்று கேட்டாள். இதைவிடத் தடிமனாக வேண்டுமாம். படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம். தைத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

அவளுடைய புத்தகத்தில் ஒரு தாளும் குறையாது. அவள் அப்பாவுக்கு மொத்தம் ஏழு படகுதான்; எட்டாவது தாள் என் பையிலேயே இருக்கும். அதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.