ஏசிப் பலகைக்குப் பின்னால்

கரையான், கரப்பான், எலி, மூட்டைப்பூச்சி என்று எது தொல்லை கொடுத்தாலும் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஞாபகம் வருவது மருந்தக்காதான். பூச்சிமருந்து அடித்து அடித்து அவளுக்கு வந்த பெயர் அது. அவளும் அவள் தம்பியும் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தம்பிக்கு நாற்பதை நெருங்குகிற வயது, ஆனால் வாய் மட்டும் ஓயாது. எலி பிடிக்கப் போன இடத்தில்கூட எலிக்குப் பரிந்து நாலு வார்த்தை பேசி வீட்டுக்காரரைச் சிரிக்க வைத்துவிடுவான்.

தேனீ என்றால் மட்டும் அக்கா மருந்தைத் தொடமாட்டாள். அடையைப் பிரித்துப் பெட்டியில் வைத்து, தேனீ வளர்க்கும் ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். கூப்பிடுகிறவர்கள் என்னவோ ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். சீக்கிரம் வாங்க, எல்லாத்தையும் கொன்னுடுங்க.

அன்று காலை போனில் பேசிய பெண் அப்படிச் சொல்லவில்லை.

"எங்கப்பா படுத்த படுக்கையா இருக்கார். அவர் ரூம்ல ஏசியைக் கழட்டின ஓட்டைக்குள்ள தேனீ கூடு கட்டியிருக்கு. அவருக்கு அது ஆகவே ஆகாது. முன்னாடி ஒண்ணே ஒண்ணு கொட்டினதுக்கு மூணு நாள் ஆஸ்பத்திரில கிடந்தார். இனிமே கொட்டினா உயிர் தங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"வீட்ல வேற யார் இருக்கா?"

"அண்ணன் இருக்கான். மூணு வாரமா சொல்றேன், பண்றேன் பண்றேன்கிறான்." கொஞ்சம் தயங்கினாள். "நான் அஞ்சு மணி நேரத் தூரத்துல இருக்கேன். நீங்க போயிடுங்க. அவன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

கதவைத் திறந்தவனுக்கு ஐம்பது வயது இருக்கும். தேய்த்த சட்டை, வாரிய தலை. தங்கை அனுப்பினாள் என்றதும் முகம் மாறவில்லை.

"அவளுக்கு எதையும் பெரிசு பண்ணித்தான் பழக்கம். ஒண்ணு ரெண்டு பறக்குது, அவ்வளவுதான். வந்ததுக்குப் பாத்துட்டுப் போங்க."

தம்பி வீட்டின் பின்பக்கம் போனான். அக்கா அறைக்குள் வந்தாள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சுத்தமான நோயாளி அறையை அவள் பார்த்ததில்லை. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. மாத்திரைகள் வேளைவாரியாகக் கிண்ணங்களில் இருந்தன. பெரியவருக்கு அன்றைக்குத்தான் முகம் மழித்திருந்தது. வாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோன மனிதர். அவர் தலைமாட்டுக்கு நேர் மேலே, சுவரில், ஏசி இருந்த சதுர ஓட்டையை ஒரு ஒட்டுப்பலகை மூடியிருந்தது.

அவள் பலகையில் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல்காரன் நெற்றியைப் போல் சுட்டது. உள்ளே இருந்த இரைச்சல் முழங்கைவரை ஏறியது. ஒன்று ரெண்டு இல்லை, ஆயிரக்கணக்கில்.

பிறகுதான் பலகை ஓரத்துத் திருகாணி ஓட்டைகளைக் கவனித்தாள். பலகையை இறுக்க ஆறு திருகாணி போட்டிருக்கிறார்கள். மேலே இரண்டு மூலையில் மட்டும் இருந்தன. மற்ற நாலும் வெறும் ஓட்டை, விளிம்பில் புது மரத்தூள். பலகையின் கீழ்ப்பக்கம் நகம் நுழையும் அளவுக்குச் சுவரை விட்டு விலகியிருந்தது. அந்த இடுக்கு முழுக்கத் தேனீக்கள் பழுப்புப் பிசினை வைத்து அடைத்திருந்தன.

"தண்ணி கொண்டு வரேன்," என்று மகன் உள்ளே போனான்.

"நாலு எடுத்துட்டான்," என்றார் பெரியவர். பாதி வாயால் வந்த பேச்சு, ஆனால் தெளிவாக இருந்தது.

"யாருங்கய்யா?"

"நான் தூங்கறேன்னு நினைச்சுக்கறான். அவன் திறக்கத் திறக்க அதுங்க அடைக்குதுங்க."

மகன் தட்டில் இரண்டு தம்ளரோடு வந்து நின்றான்.

"அப்பா ஏதாவது உளறினாரா? இந்த நேரத்துக்கு அப்படித்தான்."

"இல்ல சார். தாகமா இருக்குன்னார்."

அவன் ஒரு தம்ளரை எடுத்து, அப்பாவின் தலையைத் தூக்கிப் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் புகட்டினான். துண்டால் வாயைத் துடைத்தான். "வியாழக்கிழமை பாத்துக்கலாங்க. எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கார்."

அக்கா வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னாள். "அடை கனத்துப் போச்சு சார். அதுவரைக்கும் தாங்காது. பலகை தானா விழுந்துடும்."

"தானா விழுந்துடுமா?" என்றான். பல நாள் சுமந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்ததைப் போல அவன் தோள் தளர்ந்தது. "தானா விழுந்தா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது, இல்லீங்களா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "டேய், நாற்காலி கொண்டுவா. ஐயாவை முதல்ல வெளிய கொண்டுபோகணும்."

தம்பி ஏதோ கிண்டலோடுதான் உள்ளே வந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

மகன் வாசற்படியை மறித்து நின்றான். "அவரை அசைக்கக் கூடாது."

"ஆள் இருக்கிற ரூம்ல நாங்க கூட்டைத் தொடமாட்டோம்."

"அப்ப தொடாதீங்க."

யாரும் நகரவில்லை. பலகைக்குப் பின்னால் இரைச்சல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா போனை எடுத்து, தங்கையைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். "உங்க அண்ணன் வேணாங்கறார்."

எதிர்முனையிலிருந்து தங்கையின் குரல் வந்தது. "அண்ணே, அவங்க சொல்றபடி விடு. நான் கிளம்பி வரேன்."

அவன் வழியை விட்டான். விட்டதோடு நிற்கவில்லை. தம்பி பெரியவரைத் தூக்கப் போனபோது ஓடி வந்து தானே கையைக் கொடுத்தான். "இடது தோளைப் பிடிக்காதீங்க. அவருக்கு வலிக்கும்."

பெரியவரை வேனின் முன் இருக்கையில் உட்காரவைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். அக்கா பலகையைச் சுற்றி அகல டேப்பை ஒட்டினாள். பிறகு இருவரும் ஓட்டையை வெளிப்பக்கம் மூடியிருந்த தகரத்தைக் கழற்றி, புகை காட்டி, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்துப் பெட்டியில் கட்டினார்கள். ஏழு அடை. தம்பிக்குக் கழுத்தில் இரண்டு கொட்டு விழுந்தது, முனகக்கூட இல்லை. அறைக்குள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மகன் காலியான கட்டிலில் உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வேனுக்கு வந்தவளிடம் பெரியவர், "பொண்ணுகிட்ட சொல்லாதம்மா," என்றார். "ஆறு வருஷமா என் மலமூத்திரம் அள்றான். பொண்டாட்டியும் விட்டுட்டுப் போயிட்டா. மனுசனுக்குச் சலிக்காதா?"

ஆனால் சாயங்காலம் மகள் வந்ததும் அக்கா அவளை அறைக்குக் கூட்டிப்போய் அந்த நாலு ஓட்டையைக் காட்டிவிட்டாள். மகள் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவின் துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவரோடு கிளம்பிப் போனாள்.

நாற்பது நாள் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா வீட்டுக்குப் போகணும்னு ஒரே பிடியா நிக்கறார். நாலு நாளா சோத்தைத் தொடல. போலீஸ்ல சொல்றேன்னா, அப்படி எதுவும் நடக்கவேயில்லன்னு சொல்லிடுவேங்கறார். எனக்கு வேற வழி தெரியல. நாளைக்குக் கொண்டுபோய் விடறேன்."

மறுநாள் அக்காவும் தம்பியும் கூப்பிடாமலே அங்கே போனார்கள். வேனில் செங்கல்லும் சிமெண்டும் இருந்தன. மகள் அப்பாவை விட்டுவிட்டு அப்போதுதான் போயிருந்தாள். மகன் கதவைத் திறந்து, செங்கல்லைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் ஒதுங்கினான். கட்டிலை அவனே எதிர்ச்சுவருக்கு இழுத்துப் போட்டான். சிமெண்ட் குழைக்கத் தண்ணீரும் அவனே கொண்டுவந்தான். அக்கா ஓட்டையைக் கட்டி மூடும்வரை சட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். பெரியவர் படுத்தபடி மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாசா மாசம் வந்து பாத்துட்டுப் போவேன்," என்றாள் அக்கா. "நீங்க கூப்பிடணும்னு இல்ல."

"வாங்க," என்றான் அவன்.

அடுத்த மாதம் போனபோது கதவு திறக்க வெகுநேரம் ஆயிற்று. பெரியவர் இருந்தார். முகம் மழித்து, துவைத்த விரிப்பில் படுத்திருந்தார். மகன்தான் ஒரு சுற்று இளைத்துப் போயிருந்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள், மாத்திரைக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அவள் எங்கெங்கே பார்க்கிறாள் என்று அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.