நாலாவது குரல்

கிளிக்கு இருந்தது ஒரே வாய்தான். ஆனால் அதிலிருந்து ஊரே பேசும். கல்லூரியில் படிக்கும்போது முதல்வர் குரலில் ஒலிபெருக்கியில் விடுமுறை அறிவித்து, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்ட மகானுபாவன் அவன். இப்போது லிஃப்ட் மெக்கானிக். வேலையில் மட்டும் அவன் வேறு ஆள். மேலே மோட்டார் அறையில் நிற்பான். கீழே குழிக்குள் இறங்கிய ஆள் தன் வாயால் "ஏத்தலாம்" என்று சொல்லாதவரை சுவிட்சில் கை வைக்கமாட்டான். ஒருமுறை குழியில் இருந்தவனுக்குப் பதிலாக வாட்ச்மேன் குரல் கொடுத்துவிட்டார். கிளி ஒன்பது மாடி இறங்கிப் போய் அந்த மனிதரைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டு வந்தான். அப்பேர்ப்பட்ட புத்தி மலையில் எங்கே போய்த் தொலைந்தது என்று கேட்டால், யாரிடம்தான் பதில் இருக்கிறது?

மழை பிடித்ததும் நாலு சிநேகிதர்களும் மலையேறுவது கல்லூரி நாளிலிருந்து வழக்கம். வெயிலில் எந்தக் கழுதையும் ஏறும், மேகத்துக்குள் புகுந்து ஏறுவதுதான் ஏறுவது என்பான் வாத்தியார். அவன் நிஜ வாத்தியார்தான், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறான். அடுத்தவன் மருந்துக்கடை வைத்திருப்பதால் டாக்டர் என்று பட்டம். மூன்றாவது கிளி. நாலாவது மாப்பிள்ளை. சிநேகிதர்கள் ஒருவரையொருவர் மாப்ளே, மச்சான் என்று கூப்பிடுவது எங்கும் உள்ளதுதான். இவன் அசல் மாப்பிள்ளை, கிளியின் தங்கையைக் கட்டியவன். பேக்கரியில் அடுப்பு வேலை. வருஷக்கணக்காக மாவுத்தூசி நெஞ்சில் ஏறி, மாடிப்படி ஏறினாலே மூச்சு விசிலடிக்கும்.

அன்று விடியற்காலையில் தங்கையின் சமையலறையில் நின்றுகொண்டு கிளி டீ குடித்தான். அவள் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"ஆசைப்படுறாரேன்னு விடறேன். ஆனா நீ அவருக்குப் பின்னாடியே வரணும். அவர விட்டுட்டு முன்னாடி போனேன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் இந்த வாசப்படி ஏறாதே."

"பின்னாடியே வர்றேன் தாயே. வேணும்னா இடுப்புல தூக்கி வெச்சுக்கறேன்."

மாப்பிள்ளை மூச்சு மருந்து பம்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சிரித்தான். "பாத்தியா மச்சான், கட்டினவனை நம்பமாட்டா. உன்னைத்தான் நம்புறா."

அவள் அண்ணனை நம்பாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன்பு ஒருநாள் கிளி மாப்பிள்ளை குரலில் அவளிடம் போனில் கால் மணி நேரம் பேசிவிட்டான். உண்மை தெரிந்தபோது அவளுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. "ஊர்ல யார்கிட்ட வேணா விளையாடு. எங்கிட்ட மட்டும் அவர் குரல்ல பேசாதே. எனக்கே வித்தியாசம் தெரியலடா" என்று அழுதாள். அன்று கையில் அடித்துச் சத்தியம் செய்தவன், இந்த மலையேற்ற நாள்வரை மீறியதில்லை.

மலையில் வாத்தியார் வைத்ததுதான் சட்டம். பாதை திரும்புகிற இடமெல்லாம் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவான். டாக்டர், கிளி, மாப்பிள்ளை என்று வரிசையாக "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். மூடுபனியில் முன்னால் போகிறவன் முதுகுகூடத் தெரியாது, குரல்தான் கணக்கு. ஒரு குரல் வரவில்லையென்றாலும் அத்தனை பேரும் அந்த இடத்திலேயே திரும்பிவிட வேண்டும். வேடிக்கையாகப் பதில் சொன்னாலும் அந்தச் சட்டம் வேடிக்கைக்குப் போட்டதில்லை.

அன்றைக்கு மூடுபனி அடிவாரத்திலேயே இறங்கியிருந்தது. கொஞ்ச தூரத்திலேயே மாப்பிள்ளை நின்றுவிட்டான்.

"நீ முன்னாடி போ மச்சான். பின்னாடி நின்னு என் மூச்சை எண்ணிக்கிட்டு வந்தேன்னா எனக்கு இன்னும் இழுக்குது."

கிளி முன்னால் போனான். என்ன பெரிய தூரம், பத்தடிதானே என்று நினைத்தான்.

முதல் திருப்பத்தில் வாத்தியார் கூப்பிட்டபோது மாப்பிள்ளை பின்னாலிருந்து கிசுகிசுத்தான். "எனக்கும் சேத்துக் குரல் குடுத்துடு. காலேஜ்ல குடுக்காததா? பேச மூச்சு வரல. நான் வாயைத் திறக்கலேன்னா இவன் எல்லாரையும் திருப்பிடுவான். என்னால கெட்டுச்சுன்னு இருக்க வேணாம்."

கிளி கொடுத்தான். மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை அவனே பார்த்தான்.

இரண்டாவது திருப்பம் ஓடைக்கு இந்தப் பக்கம், ஒரு தட்டைக்கல் கிடக்கிற இடம். அங்கேயும் கிளிதான் கொடுத்தான். திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளை கல்லில் உட்கார்ந்து வாயில் பம்பை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். மற்றக் கையை "போ, போ, வர்றேன்" என்று ஆட்டினான். கிளி ஓடையைத் தாண்டினான்.

மூன்றாவது திருப்பத்தில் பாதைமேல் ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. "மாப்பிள்ளை" என்று மேலேயிருந்து வாத்தியார் கூப்பிட்டான். கிளி பின்னால் பார்க்காமலே, கொஞ்சம் இழுப்பும் சேர்த்து, அச்சாக, "உள்ளேன் ஐயா" என்றான். இழுப்பு நன்றாக வந்ததில் உள்ளூர ஒரு பெருமைகூடப் பட்டுக்கொண்டான், பாவி. பிறகுதான் திரும்பிப் பார்த்தான். பின்னால் வெள்ளையாகப் பனி நின்றது. வந்துவிடுவான் என்று மேலே ஏறினான்.

உச்சிப்பாறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். பன்னும் பிளாஸ்க்கும் மாப்பிள்ளை பையில் இருந்தன. பசித்தது, காத்திருந்தார்கள். "ஆமை வருது, வருது" என்று டாக்டர் கிண்டல் செய்தான். கிளியும் சிரித்தான். மழை வலுத்தது. சிரிப்பு நின்றது. வாத்தியார் எழுந்து நின்று கூப்பிட்டான், கத்தினான், விசில் ஊதினான். பதில் இல்லை. 

"பதறாதீங்கடா" என்றான் வாத்தியார். "சாஞ்ச மரத்துகிட்ட அவன் குரல் கேட்டுச்சு. என் காதால கேட்டேன். அதுக்கு மேலதான் எங்கேயோ பாதை தவறியிருக்கான்."

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். ஒரே ஒரு வாக்கியம்: அது நான். கிளி வாயைத் திறந்தான். அதற்குள் மற்ற இருவரும் மரத்தை நோக்கி இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். நானே போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லையே என்று நினைத்து, அவர்களைத் தாண்டி ஓடைப் பக்கம் தலைதெறிக்க ஓடினான். பாதி வழியில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிக்கொண்டது.

டாக்டர்தான் அவனைத் தோளில் சாய்த்துக் கீழே கொண்டுவந்தான். தட்டைக்கல்லில் யாரும் இல்லை. கிளி அங்கே நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டான்.

"இங்க எதுக்குடா கத்துறே? அவன்தான் ஓடையைத் தாண்டிட்டானே" என்றான் டாக்டர்.

அடிவாரத்தில் வனக்காவலருக்கு ஒரே அறை. சுவரோரம் ரப்பர் பூட்ஸ், ஆணியில் தொங்கிச் சொட்டும் மழைக்கோட்டுகள், மேசைமேல் ஒரு பழைய தொலைபேசி. மலையில் செல்போன் எடுக்காது என்பதால் அந்த எண்ணைத்தான் ஒவ்வொரு வருஷமும் வீட்டில் கொடுத்துவிட்டு வருவார்கள். காவலர் நிதானமான மனுஷன். எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எங்கிட்ட ரெண்டு ஆள்தான் இருக்கு. மழை ஏறுது. ஒரு பக்கம்தான் தேட முடியும். கடைசியா எங்க இருந்தாரு?"

"சாஞ்ச மரத்துகிட்ட. நாங்க எல்லாரும் குரல் கேட்டோம்" என்றான் வாத்தியார்.

"அவருக்கு முன்னாடி நடந்தது யாரு?"

கிளி கையைத் தூக்கினான்.

"நீங்களும் கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றான் கிளி. அது பொய்யும் இல்லை, அதைவிடப் பெரிய பொய்யும் இல்லை. பிறகு ஈனக்குரலில், "ஓடைக்கு இந்தப் பக்கமும் ஒரு தடவை பாத்துடலாமே" என்றான்.

"தாண்டினவரை இந்தப் பக்கம் தேடி என்ன பண்றது?" என்று காவலர் டார்ச்சை எடுத்துக்கொண்டார். வாத்தியாரும் டாக்டரும் அவர்களோடு போனார்கள். நடக்க முடியாத கிளி மட்டும் தொலைபேசியோடு இருந்தான்.

மத்தியானம் முழுக்க அவன் அந்தப் பெஞ்சில் செத்துச் செத்துப் பிழைத்தான். இப்போது வாசலில் வந்து நிற்பான், "என்ன மச்சான், பயந்துட்டியா" என்பான் என்று கதவையே பார்த்தான். எழுந்து, சுவரைப் பிடித்து நொண்டி, வாசல்வரை போய் மலையைப் பார்த்துக் கூப்பிட்டான். மழைச்சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. தன்னை அவன் வெறுத்த மாதிரி எதிரியைக்கூட யாரும் வெறுத்திருக்கமாட்டார்கள். ஆனாலும் வெறுப்பால் யாருக்கு என்ன லாபம், காவலர் மேல்பக்கம்தானே தேடிக்கொண்டிருந்தார்.

இருட்டுகிற நேரத்துக்குத் தொலைபேசி அடித்தது.

"அண்ணா? இறங்கிட்டீங்களா? மழை கொட்டுது, எனக்கு இங்க இருப்புக்கொள்ளல. அவரக் குடு."

"இரு" என்றான். ரிசீவரைக் கையால் மூடினான். யாரிடம் கொடுப்பது? அறையில் சொட்டுகிற கோட்டுகள்தான் இருந்தன. மூடிய கையை எடுத்தான். அவன் யோசித்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சொல்லுமா" என்றது மாப்பிள்ளையின் குரல், கொஞ்சம் இழுப்போடு.

"அப்பாடா. இப்பத்தான் உயிர் வந்துச்சு. ரொம்ப இழுக்குதா?"

"கொஞ்சம்தான்."

"அண்ணன் உங்க பின்னாடியேதானே வந்துச்சு?"

"பின்னாடியேதான் வந்தான்."

"சரி, பாத்து வாங்க. வெந்நீர் போட்டு வைக்கட்டுமா?"

"போட்டு வை."

ரிசீவரை வைத்ததும் வெளியே தடதடவென்று காலடிச் சத்தம். வாத்தியார் சேற்றோடு பாய்ந்து உள்ளே வந்தான். முகமெல்லாம் பல்.

"வந்துட்டானா? டேய், குரல் கேட்டுச்சே. எங்கே?"

அறையைச் சுற்றிப் பார்த்தான். மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தான். பிறகு தொலைபேசியைப் பார்த்தான், கிளியைப் பார்த்தான். அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போவதைக் கிளி பார்த்தான். கணக்கு வாத்தியாருக்குக் கூட்டிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்?

"சாஞ்ச மரத்துகிட்ட..." என்று ஆரம்பித்து அவன் முடிக்கவில்லை.

"நான்தான்" என்றான் கிளி. "மூணு தடவையும் நான்தான். தட்டைக்கல்லுல உக்காந்திருந்தான். அதுக்கப்புறம் நான் பாக்கல."

பின்னாலேயே வந்திருந்த டாக்டர் அடிக்கக் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே தொங்கிப்போயிற்று.

வாசலில் நின்ற காவலர் டார்ச்சை அணைத்தார். "கல்லுக்குப் பக்கத்துல ஒரு மாட்டுத்தடம் கீழ பள்ளத்துக்குப் போகுதுங்க. பனியில அதைத்தான் பாதைன்னு நினைப்பாங்க. அப்பவே சொல்லியிருந்தா நான் ஒத்தையாவே இறங்கியிருப்பேன். போறப்பவும் வர்றப்பவும் அதைத் தாண்டித்தான் நடந்தோம். இப்ப ஓடை உடைஞ்சு தண்ணி முழுசும் அந்தப் பள்ளத்துலதான் விழுது. விடிஞ்சாலும் இறங்க முடியுமான்னு தெரியல."

மழை தகரக்கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"தங்கச்சிகிட்ட என்ன சொன்னே?" என்று வாத்தியார் கேட்டான்.

"வர்றேன்னு."

"யாரு வர்றேன்னு?"

வாத்தியார் தொலைபேசியை மேசைமேலேயே அவன் பக்கம் நகர்த்தினான். "பேசு. உன் குரல்ல பேசு."

கிளி எண்ணைச் சுழற்றினான். ஒரே மணிதான் அடித்தது. அவள் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

"சொல்லுங்க" என்றாள், சந்தோஷமாக. "கிளம்பிட்டீங்களா?"