பவித்ராவின் இரண்டு ஜோக்கர்

கார் பந்தயம் என்றால் தார் ரோட்டில் வழுக்கிக்கொண்டு போவது என்று நினைப்பவர்கள் ராலிகிராஸ் பார்த்ததில்லை. பாதித் தடம் தார், பாதித் தடம் செம்மண். ஆறு கார்கள் வரிசையாக நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் கல்யாண வீட்டில் முதல் பந்திக்குப் பாய்கிற மாதிரி ஆறும் ஒரே வளைவுக்குப் பாயும். இடிக்கும், உரசும், அடுத்தவர் கண்ணாடியில் மண்ணை வாரி இறைக்கும். இந்த ஆட்டத்தை இந்த வருடம் முழுக்கச் சம்பளத்துக்கு ஆடியவள் சாணார்பட்டி பவித்ரா. அந்தக் காரைக் கழற்றி மாட்டுவதும், அவள் ஓட்டும்போது உயரமான மேடையில் நின்று ரேடியோவில் வழி சொல்வதும் அவளுக்குத் தாலி கட்டிய பழனிக்குமாரின் வேலை.

கோயம்புத்தூரில் ஜெயித்தாள். ஓசூரில் மழைச் சேற்றில் கவிழ்ந்தாள். பழனிக்குமார் கண்ணில் தண்ணீரோடு கதவைத் தட்டி நிமிர்த்திக் கொடுத்த அதே காரில் மறுநாள் இரண்டாவதாக வந்தாள். கோலாப்பூரில் தூத்துக்குடி சிலுவைமுத்து அவளை முந்தினான். நல்ல ஓட்டுநர், அதில் குறை சொல்ல முடியாது. கடைசிப் பந்தயம் நத்தம் ரோட்டில், புளியந்தோப்பைத் தாண்டிப் போட்ட புதுத் தடத்தில் வந்து நின்றது. இறுதி ஓட்டத்தில் இவர்கள் இருவரில் யார் முன்னால் வருகிறாரோ, சீசன் பட்டம் அவருக்கு.

சொந்த ஊரில் ஓட்டுவதில் ஒரு தொல்லை உண்டு, சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். சாணார்பட்டியே டெம்போ பிடித்து வந்திறங்கியது. ஒருவர் செல்ஃபி என்றார், ஒருவர் காருக்குச் சம்பங்கி மாலை என்றார், பவித்ராவுக்கு ஹெல்மெட் மாட்டக்கூட விடவில்லை. இந்தக் கூத்தில் பழனிக்குமார் ஒன்றை மறந்தான். எந்த ஊரானாலும் கார் ஷெட்டை விட்டுக் கிளம்பும்போது முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் அனுப்புவான். நினைப்பு வந்தபோது கார் புறப்படும் கோட்டில் நின்றிருந்தது. ஓடிப்போய், டயரைப் பார்ப்பவன் போலக் குனிந்து பழத்தை வைத்துவிட்டு மேடைக்குத் திரும்பினான்.

ஏறிப் பார்த்தால், சிவப்பு விளக்கு எரியும்போதே கார் ஒரு சாண் முன்னால் உருண்டது. அவன் குனிந்ததை அவள் கவனித்துவிட்டாள்; அவள் மட்டும் வேறு ஊரிலா பிறந்தாள்? பழம் வைத்தால் ஏற்றியாக வேண்டும் என்று காலுக்கே தெரியும். விசில் ஊதிவிட்டார்கள். அவசரப்பட்டு நகர்ந்ததற்குத் தண்டனை, இரண்டு ஜோக்கர்.

ஜோக்கர் என்பது தடத்தின் ஓரத்தில் பிரிந்து போகும் நீளமான சுற்றுவழி. ஓட்டம் முடிவதற்குள் எல்லாக் காரும் ஒரு தடவை அதில் போய்த் திரும்ப வேண்டும். நகர்ந்த கார் இரண்டு தடவை போக வேண்டும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைப் பழனிக்குமார் பழம் வாங்கிச் செய்திருந்தான்.

கார்களை மறுபடி வரிசையில் நிறுத்தினார்கள். ரேடியோ கரகரத்தது.

“மாமா, இருக்கீகளா?”

“மன்னிச்சுரு புள்ள. நாந்தேன் கெடுத்தேன்.”

“அழுவுறதா இருந்தா அப்புறமாச் சேந்து அழுவோம். இப்ப எனக்குக் கண்ணு நீங்கதேன். எப்பத் திரும்பணும்னு மட்டும் சொல்லுங்க.”

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு தடத்தைப் பார்த்தான். காற்றில்லை. கிளம்புகிற புழுதி கிளம்பின இடத்திலேயே நிற்கும்.

“மொத சுத்துலயே ஜோக்கருக்குப் போ. அடுத்த சுத்துலயும் போயிரு.”

“ரெண்டையும் மொதல்லயேவா? கடேசியாப் போயிருவேனே!”

“போ. அஞ்சு பேரும் ஒருத்தன் புழுதிய ஒருத்தன் தின்னுக்கிட்டுக் கெடப்பாய்ங்க. உனக்கு ரோடு காலி. காலி ரோட்டுல ஒன்னைய அடிக்க இங்க எவன் இருக்கான்?”

பச்சை விழுந்தது. பவித்ரா சொன்னபடியே இரண்டு சுற்றும் ஜோக்கருக்குள் நுழைந்து வந்தாள். கடைசி இடம். “போச்சுப்பா” என்று சாணார்பட்டி டெம்போ தலையில் கை வைத்தது. ஆனால் இப்போது அவளுக்கு முன்னால் புழுதி இல்லை. செம்மண் வளைவில் காரைக் குறுக்கே சாய்த்து, தார் தொட்டதும் நிமிர்த்தி, ஒவ்வொரு சுற்றிலும் நெருங்கினாள். மற்றவர்கள் தங்கள் ஜோக்கருக்கு ஒதுங்க ஒதுங்க, ஒவ்வொருவராய்ப் பின்னால் விழுந்தார்கள். பார்க்கப் பார்க்கப் பழனிக்குமாருக்கு நெஞ்சு விம்மியது. இப்படி ஒருத்தி ஓட்டி அவன் பார்த்ததில்லை.

கடைசிச் சுற்று. முன்னால் சிலுவைமுத்து மட்டும். அவனுக்கு ஜோக்கர் பாக்கி இருந்தது, வேறு வழியில்லாமல் உள்ளே திரும்பினான். அவன் சுற்றுவழியை முடித்து வெளியே வரும் வாயும், பவித்ரா வரும் தடமும் ஒரே இடத்தில் சேர்கின்றன.

“வாரான், வாரான்! காலை எடுக்காத புள்ள! மிதி!”

இரண்டு கார்களும் கதவோடு கதவு உரசிச் சேர்ந்தன. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. புழுதிக்குள்ளிருந்து முதலில் வெளியே வந்த மூக்கு பவித்ராவின் கார் மூக்கு. கொடி விழுந்தது.

பட்டம் அவளுக்கு. சிலுவைமுத்து இறங்கி வந்து அவளுக்குக் கைகொடுத்தான். பரிசு மேடையில் கோப்பையை வாங்காமல் அவள் கூட்டத்தில் யாரையோ தேடுவதைப் பார்த்ததும் பழனிக்குமார் கிரீஸ் கையோடு ஓடினான். கயிறு கட்டிய வாசலில் காவலாளி மறித்தார்.

“ஏப்பா, எங்க போற? பாஸ் எங்க?”

பாஸ் ஷெட்டில் கிடந்தது. திண்டுக்கல்லில் எந்த ஆபீசில் யார் என்று கேட்டாலும் நாச்சிமுத்து மகன் என்று அப்பா பேரைச் சொல்லித்தான் அவனுக்குப் பழக்கம். இன்றைக்கு வாயில் அது வரவில்லை.

“நான் பவித்ரா புருசன்” என்றான்.

காவலாளி கயிற்றைத் தூக்கிவிட்டார். மேடைப் படிக்கட்டில் இன்னொருவர் நின்றிருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவரிடமும் சொல்லிவிட்டுத்தான் ஏறினான்.