கடைசி ஆறு லைன்கள்

நாற்பத்தொன்பது மணி நேரம், இருபது நிமிடம். இன்டர்நெட் அழைப்புகளுக்கென்று தனிப் பாதை திறந்து அவ்வளவு நேரம் ஆகியிருந்தது. இன்னும் ஐந்து மணி நேரம் நாற்பது நிமிடத்தில் அதை மூடப்போகிறார்கள்.

அழைப்புகளை இணைத்துவிடும் சுவிட்ச் இயந்திரத்தின் அறையில் உட்கார்ந்து, எந்த அழைப்பு எந்த லைனில் போகவேண்டும் என்று அதற்குச் சொல்லும் தன் ரூட்டிங் டேபிளைப் பத்தொன்பதாவது முறையாகப் படித்தாள் அவள். மொத்தமே பதினான்கு வரி. ஒரு வரியிலும் தப்பில்லை. தப்பு இருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும் போலிருந்தது.

விஷயம் சிக்கலானதே அல்ல. இந்தச் சின்ன எக்ஸ்சேஞ்சிலிருந்து நகரத்துக்கு அறுபது லைன்கள். பேசுகிறவர் மூன்று நிமிடத்தில் போனை வைத்துவிடுவார். இன்டர்நெட்டுக்கு டயல் செய்தவரோ ஒரு மணி நேரத்துக்கு அசையமாட்டார். மாலை ஆறு மணிக்கு அறுபதில் நாற்பத்தொன்றை இன்டர்நெட் பிடித்துக்கொள்ளும். மீதிப் பத்தொன்பதில் ஊரே முட்டி மோதும். நகரத்தில் இருக்கும் டாக்டரைக் கூப்பிட இருபது தடவை நம்பரைச் சுற்ற வேண்டும்.

புதிதாகப் போட்ட கேபிள் ஒன்றில் முப்பது லைன்கள் ஒரு வருடமாகச் சும்மா கிடந்தன. டயல் செய்த நம்பரின் முதல் மூன்று இலக்கத்தைப் பார், இன்டர்நெட் என்றால் அந்த முப்பதுக்கு அனுப்பு, முப்பதும் நிறைந்துவிட்டால் பிஸி டோன் கொடு, பேச்சு லைன்களைத் தொடாதே. அவள் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான். எழுதிக் கொடுத்து எட்டு மாதம் ஆயிற்று. காகிதம் ஐந்து மேசைகளில் உட்கார்ந்து எழுந்து வந்தது. கடைசியில் பெரிய இன்ஜினியர் மனம் இரங்கி மூன்று நாள் வெள்ளோட்டத்துக்குச் சம்மதித்தார். சரிவந்தால் பாதை நிலைக்கும், அவளுடைய தற்காலிக வேலையும் அதோடு நிலைக்கும். சரிவராவிட்டால் மூன்றாம் நாள் நான்கு மணிக்குப் பாதை மூடப்படும், அவளும் புகார் கவுண்டருக்குத் திரும்பவேண்டியதுதான்.

பேச்சு அழைப்புகள் முதல் மணி நேரத்திலேயே சரியாகிவிட்டன. இன்டர்நெட்தான் கழுத்தை அறுத்தது. டயல் செய்தால் லைன் எடுக்கும். அப்புறம் சத்தமே இருக்காது. சில வினாடிகளில் தானாக அறுந்துவிடும். மறுபடி டயல் செய்தால் மறுபடி அதே கதை.

புகார் கவுண்டர்க்காரி ஒரு கட்டுச் சீட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "மியூட், காலைலேருந்து இதுவரைக்கும் எழுபத்தி மூணு." இவள் அதிகம் பேசாததால் ஆபீஸில் இவளுக்கு அதுதான் பெயர். "ஒருத்தர் சொல்றார், உங்க இன்டர்நெட் எங்க மாமியார் மாதிரி, போனை எடுக்கும், பேசாதுன்னு."

"எழுதி வச்சுக்கங்க."

"மாமியாரையுமா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

டேபிள் சரி என்றால் லைனில்தான் கோளாறு. லைன்கள் டிரான்ஸ்மிஷன் பிரிவின் பொறுப்பு, அதாவது மாமாவின் பொறுப்பு. அக்கா வீட்டுக்காரர். அவர் வீட்டில்தான் அவள் தங்கியிருந்தாள். இரண்டு பேருக்கும் அக்கா ஒரே மாதிரி டிபன் பாக்ஸில் சாப்பாடு கட்டித் தருவாள். நேற்றே அவரிடம் போய்க் கேட்டாகிவிட்டது.

"என் லைன்ல ஒரு குத்தமும் இல்ல," என்றார் அவர். "முப்பதும் டெஸ்ட் ஆனது. நீ உன் டேபிளைப் பாரு."

"பாத்துட்டேன் மாமா."

"இன்னொரு தடவை பாரு. புத்திசாலிங்க கண்ணுக்குச் சின்னத் தப்பு தெரியாது."

லைன்களின் அந்த முனையில், இன்டர்நெட் அழைப்புகளை வாங்கிக்கொள்ளும் நகரத்து மோடம் கூடத்தில், ஒருவர் இருந்தார். ஒவ்வொரு லைனாகச் சேர்ந்து சோதிக்கலாமா என்று அவரைக் கேட்டாள். "டெஸ்ட் ரிப்போர்ட்தான் இருக்கே, அப்புறம் எதுக்குத் திரும்ப? வேணும்னா உங்க டிரான்ஸ்மிஷன்லேருந்து எழுதிக் குடுக்கச் சொல்லுங்க," என்றார் அவர். மாமாவிடம் திரும்பி வந்தாள். "எழுதிக் குடுத்தா, நான் ஒழுங்கா டெஸ்ட் பண்ணலேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?" என்று மாமா சிரித்தார். சந்தேகமாக இருக்கும் லைனை சுவிட்ச்சிலேயே அடைத்து வைக்கலாம். அதற்கும் டிரான்ஸ்மிஷன் கையெழுத்து வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் மாமாவின் மேசையில்தான் வந்து முட்டியது. செக்கு மாடு மாதிரி இரண்டு நாள் சுற்றியாகிவிட்டது.

இன்று பதினொரு மணிக்கு, யார் கையெழுத்தும் தேவைப்படாத ஒன்றைச் செய்தாள். ஒவ்வொரு லைனிலும் நேற்று எத்தனை அழைப்பு போயிற்று, சராசரி எத்தனை நேரம் நின்றது என்று சுவிட்ச்சைக் கேட்டாள். பிரின்டர் பாதியில் காகிதத்தைத் தின்றது. எடுத்துப் பிரித்து மறுபடி போட்டாள். அது மறுபடி தின்றது. மூன்றாம் முறை முப்பது வரியும் வந்தன.

முதல் இருபத்து நான்கு லைன்களில் ஒவ்வொன்றுக்கும் இருபது அழைப்பு, சராசரி ஐம்பத்திரண்டு நிமிடம். கடைசி ஆறு லைன்களில் ஒவ்வொன்றுக்கும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் அழைப்பு, சராசரி ஒன்பது வினாடி.

காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நல்ல லைன் அழைப்பை வாங்கினால் ஒரு மணி நேரம் வேலையாக இருக்கும். செத்த லைன் அழைப்பை வாங்கி ஒன்பது வினாடியில் கீழே போட்டுவிட்டு, அடுத்ததற்குத் தயாராக நிற்கும். சுவிட்ச் பாவம், எது காலி என்று மட்டும்தான் பார்க்கும். எப்போதும் காலியாக இருப்பது அந்த ஆறுதான். எனவே வருகிறவர்களையெல்லாம் அங்கேயே அனுப்பியது. வெறும் ஆறு லைன்கள், ஒரு நாளில் பதினோராயிரத்து நானூறு அழைப்புகளை விழுங்கியிருந்தன.

பழைய கோப்பிலிருந்து டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்தாள். லைனுக்கு ஒரு சிக்னல் அளவு, முப்பது அளவுகள், எல்லாம் மாமாவின் குண்டு எழுத்தில். பத்தொன்பதிலிருந்து இருபத்து நான்கு வரை: 6.8, 7.3, 6.9, 7.1, 7.0, 6.4. இருபத்தைந்திலிருந்து முப்பது வரை: 6.8, 7.3, 6.9, 7.1, 7.0, 6.4.

கல்லூரி லேபில் பக்கத்து மாணவியின் அளவுகளைப் பார்த்து எழுதினால் இப்படித்தான் வரும். அளவுகள் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கலாம். ஆறும் அதே வரிசையில், புள்ளிக்குப் பின்னாலும் பிசகாமல் வராது.

மாமா டிரான்ஸ்மிஷன் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். அவள் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து, இரண்டு இடத்தில் விரலால் தொட்டுக் காட்டினாள். அவர் மெல்லுவதை நிறுத்தவில்லை.

"தற்செயலா இருக்கும்."

"ஆறுமா மாமா?"

அவர் தண்ணீர் குடித்தார். கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தேதியப் பாத்தியா?" என்றார்.

அடியில் அவர் கையெழுத்து. அதற்குக் கீழே தேதி. அதற்கும் கீழே, சோதனை முடிந்த நேரம் மாலை நான்கு பத்து. அவள் அதுவரை தேதியைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். அந்த நாளை அவள் மறந்திருக்க வழியில்லை.

"பாத்தேன்," என்றாள்.

"அப்ப சரி." அவர் ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டார். "பன்னெண்டாம் தேதி எனக்கு சூப்பர்வைசர் இன்டர்வியூ. இந்த நேரத்துல இது வெளிய வந்தா என் பேரு அவ்வளவுதான். உங்கக்கா எத்தனை வருஷமாக் காத்திருக்கான்னு உனக்கே தெரியும். இன்னைக்கு மூடினா மூடிட்டுப் போகட்டும். நான் மெதுவா அந்த ஆறையும் சரி பண்ணி வைக்கிறேன். அப்புறம் நீ திரும்ப எழுதிக் குடு."

"எட்டு மாசம் ஆச்சு மாமா."

"இன்னொரு எட்டு மாசம். நீ சின்னப் பொண்ணு."

ரிப்போர்ட்டை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இரண்டு மணிக்கு அக்கா போன் செய்தாள். "மாமா சாப்பிட்டாராடி?"

"சாப்பிட்டார்."

"நீ?"

"ம்."

"பொய் சொல்லாத. சரி கேளு, ஹாஸ்டலுக்குப் போன் பண்ணினேன், பெரியவன்கூடப் பேசினேன். மூணு நாளா முதல் தடவையிலயே லைன் கெடைக்குது. போன வாரமெல்லாம் சுத்திச் சுத்தி விரலே தேஞ்சு போச்சு. நீங்க என்னமோ பண்ணியிருக்கீங்க இல்ல?"

"பண்ணியிருக்கோம்க்கா."

"மாமாவா, நீயா?"

"ரெண்டு பேரும்தான்," என்றாள். சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகும் அதன் மேல் கையை வைத்தபடியே இருந்தாள்.

நான்கு மணிக்குப் பெரிய இன்ஜினியரின் அறை. அவர் மேசையில் அன்றாடக் கணக்கு விரித்து வைத்திருந்தது. மாமா சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவளுக்கும் நாற்காலி காட்டினார்கள். அவள் நின்றுகொண்டாள்.

"ஒரே நாள்ல பன்னெண்டாயிரம் கால், முக்கால்வாசிக்கு மேல பத்து வினாடிகூட நிக்கல," என்றார் பெரிய இன்ஜினியர். "உன் டேபிள் சுத்தினதையே சுத்துதும்மா. நல்ல யோசனைதான், இல்லேங்கல. யோசனை வேற, வேலைக்காகிறது வேற."

"டேபிள் சரி சார்."

"அப்ப லைன் தப்பா?"

"முப்பதும் டெஸ்ட் ஆனது சார்," என்றார் மாமா, அவளைப் பார்க்காமல்.

அவள் சுவிட்ச் கொடுத்த காகிதத்தை மேசையில் வைத்தாள். கடைசி ஆறு வரிகளைக் காட்டி, செத்த லைன் எப்படி எல்லா அழைப்பையும் இழுத்துக்கொள்ளும் என்று சொன்னாள். நாலு வாக்கியம். அன்று முழுவதும் அவள் சேர்ந்தாற்போல் பேசியது அவ்வளவுதான். பெரிய இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, காகிதத்தை அருகில் இழுத்தார்.

"அட," என்றார். "இந்த ஆறையும் எடுத்துட்டா உன் பாதை ஓடும்."

"ஓடும் சார். இருபத்து நாலே போதும்."

அவர் மாமாவைப் பார்த்தார். "என்னய்யா இது?"

"டெஸ்ட் பண்ணி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு சார். நான் டெஸ்ட் பண்ணினப்ப நல்லாத்தான் இருந்தது," என்றார் மாமா. "நடுவுல தண்ணி இறங்கியிருக்கும். கேபிள்னா அப்படித்தான்."

பெரிய இன்ஜினியர் பேனாவைக் கீழே வைத்தார். "தண்ணி இறங்கியிருந்தா ஆறோட நிக்காதேம்மா. இன்னைக்கு ஆறு, நாளைக்குப் பத்து. அந்தக் கேபிளை நம்பி நான் எதையும் விட முடியாது. முப்பதையும் மூடிட்டு, முழு நீளமும் தோண்டிப் பாத்துட்டுத்தான் திறக்கணும். ஆறு மாசமாகும், கூடவும் ஆகும். அதுவரைக்கும் பழையபடி எல்லாம் அந்த அறுபதுலயே போகட்டும்." அவர் அவளிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "ஆர்டரை நீயே எழுது. கேபிள் பழுதுன்னு போடு. உன் பேர்ல குத்தம் வராது."

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். யாருக்கும் கெட்ட பெயர் இல்லை. மாமாவுக்கு இன்டர்வியூ, அவளுக்குப் புகார் கவுண்டர், ஊருக்குப் பழையபடி இருபது தடவை சுற்றல். நல்ல கேபிளைத் தோண்டப் பத்து ஆட்கள் மண்வெட்டியோடு வருவார்கள், ஒன்றும் இல்லை என்று மூடிவிட்டுப் போவார்கள். மாமா முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார். போதும், எழுது என்பது போலிருந்தது அந்தப் பார்வை.

தேதி எழுதினாள். 'கேபிள்' என்று எழுதினாள். அடுத்த வார்த்தை வரவில்லை. பேனாவை மூடினாள்.

"கேபிள் போகல சார்."

"பின்ன?"

"அந்த ஆறும் அந்த முனையில இன்னும் இணைக்கவே இல்லைன்னு நெனைக்கிறேன். இணைச்சிருந்தாலும் யாரும் டெஸ்ட் பண்ணல." அவள் ரிப்போர்ட்டைப் பிரித்து மேசையில் வைத்தாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இருந்தது. எனவே திரும்பச் சொன்னாள், கொஞ்சம் உரக்க. "யாரும் டெஸ்ட் பண்ணல சார். நாலு பத்துன்னு போட்டிருக்கு. அந்த நேரத்துல மாமா இங்க இல்ல, பஸ் ஸ்டாண்டுல இருந்தார். நான் இந்த ஊருக்கு முதல் தடவையா வந்த நாள் அது. அவர் வேலையைப் பாதியில விட்டுட்டு என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தார்."