கருங்கல் வந்த வழி

அச்சுவேலியில் எங்கள் தொல்லியல் குழு தோண்டிய குழியில் முழ நீளக் கல்லொன்று கிடைத்தது. அதன் வடிவத்தை நான் விவரிக்கப் போவதில்லை. பிரசாந்தி பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உது அந்தக் காலத்துப் பொம்பிளையள் ஒளிச்சு வைச்ச சாமான்,” என்றான் நிருஷன், அதை ஒற்றைக் கையால் தூக்கி ஆட்டியபடி.

“இல்லை, ஆம்பிளையளின்ரை வீண் பெருமை,” என்றாள் அவள்.

சிரித்துக்கொண்டே மண்ணைக் கழுவினேன். கருங்கல்! சிரிப்பு நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல்தான். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ இதை வன்னிப் பெருநிலத்திலிருந்து கடனீரேரி தாண்டிச் சுமந்து வந்திருக்க வேண்டும்.

“இவ்வளவு பாரத்தை ஏன் காவினவை?” என்றேன்.

பிரசாந்தி கல்லை மெல்லத் தடவினாள். “சண்டைக்குள்ளை இடம்பெயரேக்கை எங்கடை அம்மா அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு ஓடினவா. ஏனெண்டு இண்டைக்கும் அவவுக்குத் தெரியாது.”

அதற்குப் பிறகு நிருஷன் அந்தக் கல்லை ஒற்றைக் கையால் தூக்கவேயில்லை.